வேலியோரத்து நாற்காலி

கல்யாணமாகி இருபது வருஷம் வரை ஒலீட்டா பிரான்ஸ்கம் ஒரு அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. சனிக்கிழமைகளில் கோழி வெட்டும் ஆலையில் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வாள். வீட்டில் இருந்தால் புருஷன் ராய்ஸின் கூச்சலைக் கேட்க வேண்டும். அதற்குக் கோழிகளே மேல் என்பாள்.

ராய்ஸ் மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். அவனும் அவன் அப்பாவும் டார்வெல் கல்லூரியின் நாரைகள் அணிக்கு உயிரைக் கொடுப்பவர்கள். படிப்பென்று அந்தக் கல்லூரி வாசலை அவர்கள் பரம்பரையில் ஒருவரும் மிதித்ததில்லை. தெற்கு ஆர்க்கன்சாவில் அதை யாரும் பெரிதாக நினைப்பதும் இல்லை. மதம் எப்படி வந்ததோ அப்படித்தான் அணியும் வந்தது. நாரைகள் தோற்றால் ராய்ஸ் செவ்வாய்க்கிழமை வரை பேசமாட்டான். மகன் கார்லன் பிறந்தபோது, நர்ஸ் துடைத்து முடிப்பதற்குள் பிள்ளையின் தலையில் அணியின் பச்சைத் தொப்பியை மாட்டிவிட்டான். ஒலீட்டா வலியோடு வலியாகச் சிரித்தாள்.

பையன் ஆளாக வளர்ந்தான். தோள்கவசம் மாட்டினால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். டார்வெல்காரர்கள் உதவித்தொகை எதுவும் தரவில்லை. வேண்டுமானால் வந்து ஆடிக் காட்டி அணியில் இடம் பிடித்துக்கொள்ளட்டும் என்றார்கள். அந்தச் சேதி வந்த அன்று ராய்ஸ் லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு அழுதானாம். அதை அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கார்லன் செத்தது ஆகஸ்ட் மாதப் பயிற்சியில். கொளுத்தும் வெயில், காற்றே இல்லாத நாள். யாரோ இரண்டு பேர் தாமதமாக வந்ததற்காகப் பயிற்சியாளர் மேடாக்ஸ் மொத்த அணியையும் ஓடவைத்தார். ஓடி முடிக்கும்வரை யாருக்கும் தண்ணீர் கிடையாது என்றார். கார்லன் ஒருமுறை விழுந்தான், எழுந்தான். மறுபடி விழுந்தவன் எழவில்லை. பெற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் உடம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. நினைவு திரும்பாமலே மூன்றாம் நாள் போய்விட்டான். அவனோடு ஓடிய ஒரு பையன் அடக்கத்தன்று ஒலீட்டாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்: முதல்முறை விழுந்தபோது மேடாக்ஸ் என்னடா என்று கேட்டாராம். நல்லாத்தான் இருக்கேன் சார் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து ஓடினானாம்.

கல்லூரி மலர்வளையம் அனுப்பியது. விசாரணை என்றார்கள். அடுத்த வருஷம் மேடாக்ஸ் வேறொரு பெரிய கல்லூரிக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

ராய்ஸ் வீட்டு வாசலில் பறந்த நாரைகள் கொடியை இறக்கினான். சட்டை, தொப்பி, அப்பா வைத்துவிட்டுப்போன கம்பளி எல்லாவற்றையும் கொல்லையில் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினான். அந்த அணியின் பெயர் இனி இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்றான். சொன்னபடியே இருந்தான்.

ஒலீட்டாவுக்கு நடந்தது வேறு. அந்த வருஷ ஆட்டப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்குக் கல்லூரி அவர்கள் இருவரையும் அழைத்திருந்தது. அவள் மட்டும் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒலிபெருக்கியில் மகன் பெயரைச் சொன்னார்கள். அத்தனை ஆயிரம் பேரும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். கைக்குழந்தை ஒன்று எங்கோ அழுதது, வேறு சத்தமில்லை. சாவுக்கு வந்தவர்கள்கூட அப்படி நிற்கவில்லை. அவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அன்று நாரைகள் ஜெயித்தனவா தோற்றனவா என்று அவள் கவனிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு மறுபடி போனாள்.

"நம்ம புள்ளையக் கொன்னவனுங்களுக்குக் கை தட்டவா போற?" என்று கேட்டான் ராய்ஸ்.

அவளுக்குக் கை தட்டத் தெரியாது என்பதுதான் உண்மை. எதற்கு எல்லாரும் எழுகிறார்கள், எதற்குத் திட்டுகிறார்கள் என்று ஒன்றும் புரியாது. பக்கத்து இருக்கையில் வின்னி, ஹாய்ட் என்று வயதான தம்பதி இருந்தார்கள். முப்பது வருஷமாக அதே இடத்தில் உட்காருகிறவர்கள். அவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். வின்னி அவளுக்கென்று காரம் போட்ட முட்டை கொண்டுவருவாள். மழை வந்தால் தன் பிளாஸ்டிக் போர்வையைப் பாதி விரிப்பாள். யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், கார்லனோட அம்மா என்றுதான் சொல்லுவாள். கடையிலும் ஆலையிலும் அந்தப் பெயரை எடுக்கக் கூசினார்கள். வீட்டில் சுத்தமாகக் கிடையாது. அரங்கத்தின் அந்தக் கல் படிக்கட்டில்தான் அவள் இன்னும் ஒரு பிள்ளைக்குத் தாயாக இருந்தாள்.

கார்லனோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் படிப்பை முடித்துப் போனார்கள். அவன் நினைவாக எல்லார் தலைக்கவசத்திலும் ஒட்டியிருந்த அவன் எண்ணும் போயிற்று. மைதானத்தில் இருந்த ஒருவனுக்கும் அவனைத் தெரியாது. அப்போதாவது நின்றிருக்கலாம். ஆனால் அதற்குள் அவளுக்கு ஆட்டம் பிடித்துப்போயிருந்தது. தோற்றால் சோறு இறங்கவில்லை. மகனை விழுங்கிய ஒன்றின்மேல் இப்படி ஆசை வைக்க முடியுமா என்று தேவாலயத்தில் உட்கார்ந்து யோசிப்பாள். முடிகிறதே என்று வெட்கப்படுவாள்.

ஆகஸ்ட் வந்தால் மட்டும் அவளுக்கு வேறொரு வேலை இருந்தது. பயிற்சியை ஊரார் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். ஒலீட்டா மடக்கு நாற்காலியும் ஐஸ் பெட்டியும் எடுத்துப்போய் வேலியோரம் உட்காருவாள். ஆலையில் கிடைக்கும் விடுமுறை முழுவதும் அதற்குத்தான். புதிய பயிற்சியாளர் அவள் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிடிக்கவில்லை, ஆனால் போகச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அப்படி ஒன்பதாவது ஆகஸ்டில் ட்ரேமன் என்ற பையன் தடுமாறினான். குனிந்து முழங்காலைப் பிடித்தான், நிமிர்ந்தான், இரண்டடி வைத்துச் சாய்ந்தான். பயிற்சியாளர் எழுந்திரு என்று கத்தியது வேலிவரை கேட்டது. ஒலீட்டா கதவைத் திறந்துகொண்டு மைதானத்துக்குள் நடந்தாள். போய்ப் பயிற்சியாளரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. விசில் நின்றது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாரோ பையனை நிழலுக்குத் தூக்கிப்போய் ஐஸ் தண்ணீரில் இறக்கினார்கள். இரண்டு பேர் வந்து அவள் விரல்களை மெதுவாகப் பிரித்தார்கள்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தடுக்காவிட்டாலும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். ஆகியிருக்குமா என்பதை யார் சொல்ல முடியும்? இரண்டு வாரம் ஓய்வு என்றார்கள். அந்த இரண்டு வாரத்தில் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான்.

ட்ரேமன் அவளைத் தேடி ஆலை வாசலுக்கே வந்தான். மரியாதையாகத்தான் ஆரம்பித்தான்.

"அம்மா, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா நான் நல்லாத்தான் இருந்தேன். உங்களால என் இடம் போச்சு."

"என் மகனும் அதத்தான் சொன்னான். நல்லாத்தான் இருக்கேன்னு."

"நான் உங்க மகன் இல்லம்மா."

அவன் போனபிறகு அவள் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் நின்றாள். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

கல்லூரி அந்த வாரமே வேலியைச் சுற்றிப் பச்சைத் தார்ப்பாய் கட்டியது. பயிற்சியை இனி வெளியாட்கள் பார்க்க அனுமதியில்லை. பாதுகாப்பு கருதி என்று பலகை வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் ட்ரேமன் இருந்திருந்தால் தடுத்திருப்பான் என்று சொல்லும்படியாக தடுப்பு வரிசையில் ஓர் இடத்தில் ஓட்டை விழுந்து நாரைகள் தோற்றன. படிக்கட்டில் யாரும் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. வின்னி முட்டை டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டாள். ஹாய்ட்தான் கடைசியில், முன்னால் பார்த்தபடியே பேசினார்: "மனசறிஞ்சு நீ தப்புப் பண்ணலம்மா. ஆனா ஆட்டத்துக்குள்ள எறங்கியிருக்கக்கூடாது."

அன்று வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். இனிப் போவதில்லை என்று தோன்றியது. ராய்ஸ் சிங்க் பக்கம் நின்றிருந்தான். மைதானத்தில் நடந்தது அவனுக்குப் பல நாளாகத் தெரியும். லாரி ஷெட்டில் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அவன் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவளும் பேச்சை எடுத்ததில்லை.

"அந்தப் பையன் உசிரோட இருக்கானா?" என்றான்.

"இருக்கான். என்மேல கோவமா இருக்கான்."

"இருந்துட்டுப் போறான். கோவப்படறதுக்கு ஒருத்தன் இருக்கான்ல."

அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு அவர்கள் மகனைப் பற்றிப் பேசியது அதுதான். பேர் சொல்லாமல் பேசினார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் கிளம்பவில்லை. ராய்ஸ்தான் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தான். அரங்கத்துக்கு வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் கடைசி வரிசையில் நிறுத்தினான். சுற்றிலும் பச்சைக் கூடாரங்கள், இறைச்சி வாட்டும் புகை, பாட்டு. உள்ளே வா என்று கூப்பிட்டாள். வரவில்லை என்று தலையசைத்தான். ஜன்னலை ஏற்றிக்கொண்டு, வானொலியைக்கூடப் போடாமல் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். வின்னி மூன்றாவது மாதம் டப்பாவைத் திறந்து நீட்டினாள். பழையபடி ஆகவில்லை என்றாலும் ஒலீட்டா எடுத்துக்கொண்டாள். ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு அவள் வெளியே வந்து கதவைத் திறந்து ஏறுவாள். எத்தனைக்கு எத்தனை, யார் ஜெயித்தது என்று ராய்ஸ் ஒருநாளும் கேட்டதில்லை.

"எவனாச்சும் விழுந்தானா?" என்பான்.

"இல்ல," என்பாள்.

வண்டியைக் கிளப்புவான்.