கிளாக்கர் வாசிக்காமல் விட்ட பக்கம்

கிளாக்கர் மரியநாயகம் காலமாகிவிட்டார் என்ற செய்தி வெள்ளிக்கிழமை காலையில், நான் பாண் வாங்கிக்கொண்டு நின்ற கடையில் வைத்துக் கிடைத்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபந்தான் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது, என் வேலையைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்வதாக அவர் எனக்கு வாக்குத் தந்திருந்தார். "இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மகள் செல்வி கேட்டாள். "பிள்ளை, நான் எழுதினால் நல்லது மட்டும் வராது" என்றேன். "அப்பா சொல்லாமல் போனதை நீங்களே எழுதுங்கோ மாமா" என்றாள். ஆகவே எழுதுகிறேன். அறுபது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் நான். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் செல்கிறது. அந்தப் பகல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில் நான் அங்கே இயந்திரம் பூட்டும் பிற்றர். அவர் களஞ்சியத்தில் கிளாக்கர். என் விடுமுறைக் கடிதம், மகளின் கலியாணப் பதிவு, ஓய்வூதியப் பத்திரம் எல்லாம் அவர் நிரப்பித் தந்தவை. நான் பெருவிரல் மட்டும் வைத்தேன். உங்களில் பலரும் அப்படித்தான். அவர் வாசித்துச் சொன்னதை யாரும் இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கேட்டதில்லை.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, கிண்ணியாவில் வாடகைக் கார் ஓட்டும் காதர் நானா துறைமுக ஏலத்தில் ஒரு கார் எடுத்தார். கப்பலின் அடித்தட்டில் உப்புத் தண்ணீர் ஏறிப் பழுதான புதுக் கார். டீசல் எஞ்சின், அதில் டர்போ பூட்டியிருந்தது. எஞ்சினின் புகை வேகத்தில் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சின்ன விசிறி அது. ஊரில் ஒருவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. லிங்கநகரில் என் வீட்டுக் கொட்டிலுக்குள் காரைத் தள்ளி வந்து, "கை உங்கட, வாசிப்பு கிளாக்கரிட. எனக்கு ஓடினால் போதும்" என்றார் காதர் நானா.

நாலு மாதம் அந்த எஞ்சின் என் வீட்டில் கிடந்தது. துருப்பிடித்த பிஸ்டன்களை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டோம். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கையால் அரைத்தேன். "குசினியில ஒரு சட்டியைக் காணேல்லை. எல்லாத்துக்குள்ளயும் எஞ்சின்ர குடல்தான் கிடக்கு" என்று என் மனைவி பொன்னம்மா கத்துவாள். கிளாக்கர் கதிரையில் இருந்து காருடன் வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வாசிப்பார். தமிழில் சொல்வார். அதையே ஒரு கொப்பியில் எழுதுவார். நான் "ஓம்" என்று சொன்ன பிறகுதான் நட்டில் சாவியைப் போட்டுத் திருக விடுவார். "கதை பிறகு. இப்ப புத்தகம் கதைக்கட்டும்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

ஒரு இடத்தில் மட்டும் நான் புத்தகத்தை மீறினேன். டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாய் உப்பில் அரித்துப் போயிருந்தது. அதற்குப் பதிலாகப் படகு எஞ்சின் ஒன்றின் செப்புக் குழாயை வளைத்துப் பூட்டினேன். பழையதைவிட அகலம். எண்ணெய் ஆறட்டும் என்று படகிலிருந்த எண்ணெய்க் கூலரையும் சேர்த்தேன். கிளாக்கர் அந்த வளைவைத் தடவிப் பார்த்தார். "புத்தகம் எழுதினவன் திருகோணமலை வெயிலைக் காணேல்லை. பூட்டுங்கோ அண்ணை" என்றார். அன்று எனக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை.

கார் ஓடியது. காதர் நானா வீட்டில் புரியாணி. இரண்டாம் மாதம் அதே காரை லொறியில் கட்டி இழுத்து வந்தார்கள். டர்போவின் அச்சு நீலம் பாய்ந்து எரிந்திருந்தது. நாலைந்து சாரதிமார் சுற்றி நின்றார்கள். கிளாக்கர் கொப்பியை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் கண் நின்றது. பிறகு மூடினார்.

"புத்தகப்படி செய்ததெல்லாம் சரி. குழாய்தான் பிழை. அது கந்தையா அண்ணை தன்ர எண்ணத்துக்குப் பூட்டினது."

"நம்பித்தானே தந்த நான், அண்ணை" என்றார் காதர் நானா.

"கிணத்துக்குக் குழாய் பூட்டுற ஆளிட்டக் காரைக் குடுத்தால் வேற என்ன நடக்கும்?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். கிளாக்கர் சிரிக்கவில்லை. கொப்பியை என் கையில் தந்து, "வைச்சிருங்கோ, உதவும்" என்றார்.

அதன் பிறகு என் கொட்டிலுக்கு ஒரு சைக்கிள்கூட வரவில்லை. நானும் என் கையைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். அவர் வாசித்துச் சொன்னால் அது சரியாகத்தானே இருக்கும்.

வேலை இல்லாததால்தான் பின்னேர வகுப்புக்குப் போனேன். எழுத்துகள் பிடிபட்டதும், வீட்டில் உள்ள எதையாவது வாசித்துப் பழகச் சொன்னார் வாத்தியார். வீட்டில் இருந்தது அந்தக் கொப்பி ஒன்றுதான். நாளுக்கு ஒரு பக்கம் வாசித்தேன். ஒருநாள் ஒரு பக்கத்தை எங்கும் தடக்குப்படாமல் வாசித்து முடித்தேன். அந்தச் சந்தோசத்தில் பொன்னம்மாவைக் கூப்பிட்டு உரத்து வாசித்துக் காட்டினேன்.

"வேகமாக ஓடி வந்தவுடன் எஞ்சினை நிற்பாட்டக் கூடாது. இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிற்பாட்டவும். இல்லாவிட்டால் எண்ணெய் நின்று, சுழலும் அச்சு எரியும்."

பொன்னம்மாதான் கேட்டாள். "பாதையைப் பிடிக்க எல்லாரும் பறந்துபோய், ஏறின உடன நிற்பாட்டுறவைதானே?"

கிண்ணியாத் துறையில் வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவையைத்தான் பாதை என்போம். அதைத் தவறவிட்டால் ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். ஆகவே சாரதிமார் கடைசி மைலைப் பறந்து வந்து பாதையில் ஏறுவார்கள். ஏறியவுடன் எஞ்சினை நிற்பாட்ட வேண்டும், அது அங்கே சட்டம். காதர் நானாவின் கார் ஒரு நாளைக்கு எத்தனை தரம் எரிந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் குழாயில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த நாளே கிளாக்கர் வீட்டுக்குப் போனேன். அவர் சாய்மனைக் கதிரையில் மெலிந்து கிடந்தார். கொப்பியைக் கண்டதும் எழும்ப முயன்றார்.

"நீங்கள் எழுத்துப் படிக்கிறியளெண்டு கேள்விப்பட்ட நாளிலயிருந்து படலையைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறன்" என்றார்.

"ஏன் கிளாக்கர் எனக்கு வாசிக்கேல்லை?"

"அது சாரதிக்குரிய பக்கம். காதருக்குச் சொல்லுவமெண்டு விட்டனான். புரியாணியில மறந்து போச்சு."

"மறந்தது சரி. ஏன் என்ர தலையில போட்டனீங்கள்?"

அவர் என் கையைப் பார்த்தார். "உங்களுக்குக் கை இருக்கு அண்ணை. என்னட்டை இருந்தது வாசிப்பு ஒண்டுதான். அதுவும் பிழையெண்டால் நான் ஆர்?"

"எனக்கு இருந்தது அந்தக் கை ஒண்டுதான்" என்றேன்.

அன்றுதான் ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக வாக்குத் தந்தார். நான் கேட்க நினைத்த இன்னொன்றைக் கேட்காமல் வந்துவிட்டேன். அந்தப் பக்கத்தை அவர் ஏன் கிழிக்கவில்லை? என் காலம் முழுக்க நான் வாசிக்கப் போவதில்லை என்று நினைத்திருப்பார். எரிந்த டர்போவைவிட, சாரதிமாரின் சிரிப்பைவிட, அதுதான் என்னை இன்றும் சுடுகிறது. வேறு காரணம் இருந்ததா என்று சொல்ல அவர் இல்லை.

எழுதிய முதல் பக்கத்தைச் செல்வியிடம் கொடுத்தேன். வாசிக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா, இது அப்பாவின்ர எழுத்து" என்றாள். ஓம். எனக்குப் பார்த்து எழுதிப் பழக அந்தக் கொப்பியை விட்டால் வேறு இருக்கவில்லை. அவருடைய சரிந்த வரி, வளைவு பெருத்த ழகரம், சொல் முடிவில் சின்னதாக இழுக்கும் கோடு, எல்லாம் என் கையில் ஏறிவிட்டன. அச்சில் உங்களுக்கு அது தெரியாது. மாற்றி எழுதிப் பார்த்தேன், ஏலவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். கந்தையா பூட்டிய குழாயில் பிழை இல்லை என்பதை, கடைசியில் கிளாக்கரின் எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.