பேசாலையில் ஒரு சாரம்

பேசாலைக் கடற்கரையில், அருங்காட்சியக ஆய்வாளருக்கு மொழிபெயர்ப்பாளனாக நிற்கிறேன். கருவாடு காயவைக்கும் மெற்றில்டா அக்கா வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த, இடுப்பில் கட்டும் சாரத்தை ஆய்வாளர் கையுறையோடு வாங்கி, அளந்து, அட்டையில் எழுதுகிறார்: "ஆண் உடை. மீனவருடையது." அக்காவிடம் பெயர்கூடக் கேட்கவில்லை.

"என்ன எழுதினவர்?"

வாசித்துக் காட்டுகிறேன்.

"ஆம்பிளையின்ர எண்டு ஆர் சொன்னது? இது நான் எனக்கெண்டு வாங்கினது. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

சாரம் ஆண்களின் உடை என்றுதான் புத்தகங்களில் இருக்கிறதாம். ஆய்வாளர் அதையும் எனக்குத்தான் விளக்குகிறார், அக்காவுக்கல்ல. பெரிய படிப்புத்தான்!

மெற்றில்டா அக்கா சாரத்தைப் பறித்துத் தலையில் சுற்றிக்கொள்கிறார். "அந்தப் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கச் சொல்லுங்கோ."

ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்க்கிறேன்.