இடக்கையால் அடுக்கிய எட்டுக் கட்டைகள்

போன வருடம் பங்குனி மாதம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. குறித்த நாளுக்கு மூன்று நான்கு கிழமை முந்திப் பிறந்த பிள்ளைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி ஒன்றில் நான் உதவியாளர். பிள்ளைக்கு இரண்டு வயதானதும் விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்து, அது செய்வதைப் பார்த்துப் புள்ளி போடுவதுதான் என் வேலை. அதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

அன்று மானிப்பாயிலிருந்து ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னேன். பிள்ளை அடுக்கவில்லை. கரண்டி, கிண்ணம் ஒன்றையும் தொடவில்லை. நான் சைபருக்கு மேல் சைபர் போட்டேன். தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"குறைமாசத்துப் பிள்ளை, தேறமாட்டான் எண்டு வீட்டிலை எல்லாரும் சொல்லுகினம், மிஸ். அப்ப அது சரிதானோ?"

வைத்தியர் பார்த்துச் சொல்லுவார் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன், மனம் ஆறவில்லை. அப்போது எடுத்திருந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஐயோ, வெட்கக்கேடு. பிள்ளை முதல் கட்டைக்கே கையை நீட்டியிருக்கிறான், இடக்கையை. நான் கட்டையைப் பின்னுக்கு இழுத்து, "சோத்துக் கையாலை வாங்குங்கோ ராசா" என்கிறேன். தாயும் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டுகிறார். அதற்குப் பிறகு அவன் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டான். இடக்கையால் எதையும் வாங்கக்கூடாது என்று எங்கள் வீடுகளில் தவழும் வயதிலேயே பழக்கிவிடுவார்கள். ஆனால் புள்ளி போடும் படிவத்தில் எந்தக் கையாலும் செய்யலாம் என்று அச்சடித்திருக்கிறது. என் வாய் கேட்டால்தானே.

பொறுப்பான வைத்தியரிடம் போய் என் பிழையை ஒப்புக்கொண்டேன். இரண்டு கிழமை கழித்து வேறொருவரைக் கொண்டு திரும்பச் செய்யச் சொன்னார். அவர்கள் திரும்ப வந்த அன்று, பிள்ளை எந்தக் கையால் எடுத்தாலும் தடுக்கவேண்டாம் என்று தாயிடம் சொன்னேன்.

"மெய்யாவோ மிஸ்? கோயிலிலை திருநீறு வாங்கேக்கையும் இந்தக் கையைத்தான் நீட்டுவான். நான் அடிச்சுப்போடுவன்."

மற்ற உதவியாளர் கட்டைகளை எடுத்து வைத்தார், நான் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளை முதலில் தாயின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். பிறகென்ன, இடக்கையால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டுக் கட்டையும் ஏறிவிட்டது, ஒன்றும் சரியவில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அழுதுகொண்டு போன அந்தத் தாய் எங்களை அதட்டினார்:

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இன்னுமொண்டு குடுங்கோ, ஏத்துவான்."

இன்றைக்கும் ஒரு பிள்ளைக்குச் சைபர் போட முன்னர், என் கை என்ன செய்தது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.