கடலை சீட்டு

பிள்ளைப் பருவத்தில் என் தம்பிக்கும் எனக்கும் பொதுவாக இருந்த உடைமை ஒன்றே ஒன்று: வெள்ளிநிறப் பொம்மைக் கார். உளவாளிப் படங்களால் புகழ்பெற்ற வண்டியின் சிறு வடிவம் அது. படம் பார்த்த மறுநாளே சிராங்கூன் சாலைக் கடையொன்றில் அப்பா வாங்கித் தந்தார். பக்கவாட்டு விசையை அழுத்தினால் கூரை திறக்கும்; ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்திருக்கும் நகத்தளவு மனிதன் துள்ளி வெளியே விழுவான்.

எங்கள் ஃபேரர் பார்க் அடுக்குமாடி வீட்டு நடைவழியில் ஒருநாள் நான் அழுத்திய வேகத்தில், அவன் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டான். தம்பி ஏழு மாடியும் இறங்கிப் புல்லைத் துழாவித் துழாவித் தேடினான். கிடைக்கவில்லை. பிறகு, திரையரங்க வாசலில் காகிதக் கூம்பில் வாங்கும் கச்சாங் பூத்தே என்ற வறுகடலைக் கலவையிலிருந்து ஒரு கொண்டைக்கடலையை எடுத்து அங்கே அமர்த்தினோம். மனிதனைவிடக் கடலை நன்றாகவே பறந்தது. அது முதல், எந்தக் காரானாலும் ஓட்டுநரின் பக்கத்து இருக்கைக்கு எங்கள் வீட்டில் ‘கடலை சீட்டு’ என்றே பெயர். மாணவர் கட்டுரைகளில் ஆங்கிலச் சொற்களைச் சிவப்பு மையால் அடித்தே ஓய்வுபெற்றவள் நான். இதை மட்டும் திருத்த மனம் வந்ததில்லை.

சென்ற ஆண்டு என் மகளுக்குத் திருமணம். தம்பியின் பழைய முதலாளி அந்த வண்டியின் அசலையே வைத்திருந்தார். ஆண்டில் சில நாள்களே சாலையில் ஓட அனுமதி பெற்ற வண்டி. அவற்றில் ஒரு நாளை எங்களுக்கு ஒதுக்கித் தாமே ஓட்டவும் இசைந்தார். தாய்மாமனாகத் தானே பெண்ணை அதில் அழைத்து வந்து, கைபிடித்துக் கோயில் வாசலில் இறக்கவேண்டும் என்பது தம்பியின் ஆசை. அவனுக்கு முழங்கால் அறுவை முடிந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. இருக்கை தரையோடு தரையாக இருக்கும் என்று எச்சரித்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

மார்சிலிங்கிலிருந்து வண்டி கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது முகூர்த்தத்துக்குச் சிறிது நேரமே இருந்தது. இரண்டே கதவுகள், முன்னால் இருப்பவர் இறங்கினால்தான் பின்னால் இருக்கும் மணமகள் இறங்க முடியும். தம்பி எழ முயன்றான், முழங்கால் மடங்கவில்லை. மீண்டும் முயன்றான். பின்னால் பேருந்து ஒன்று ஒலி எழுப்பியது. கைத்தாங்கலாக இறக்க வந்த என் கணவரை அவன் தடுத்துவிட்டான்.

“வேணாம் அத்தான். பொண்ண நான்தான் இறக்கணும். என்னைய இறக்கிவிட ஆள் வந்தா நல்லாவா இருக்கும்?”

நாதசுரம் உள்ளே உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் முகம் வியர்த்திருந்தது. அப்போது, பின்னிருக்கையில் பட்டுச் சேலைக்குள் ஒடுங்கியிருந்த என் மகள் முன்னே சாய்ந்தாள்.

“மாமா, நீங்க கடலை சீட்டுல உக்காந்திருக்கீங்க லா. பட்டன அமுக்கட்டுமா?”

அவன் சிரித்துவிட்டான். “அமுக்கு பாப்பா. கூரை மட்டும் பத்திரம். முதலாளி அழுதுருவாரு.”

வளையல் குலுங்க இரு கைகளாலும் அவன் முதுகைத் தள்ளினாள். கதவின் விளிம்பைப் பற்றியபடி ஒரே வீச்சில் வெளியே வந்து, ஒருகணம் தள்ளாடி, நிமிர்ந்து நின்றான். வேட்டியைச் சரிசெய்தான். இருக்கையை முன்னால் மடித்து, உள்ளே கையை நீட்டினான். அவள் அதைப் பற்றிக்கொண்டு இறங்கினாள்.

வாசற்படி ஏறும்போது என்னைக் கடந்தவன், அவள் கையை விடாமலே மெல்லச் சொன்னான்: “இந்தத் தடவை தேட வேண்டியதில்ல அக்கா.”