எங்கள் ஓவனில் மேவிஸ் தீதியின் பை

"உங்க ஓவனை ஒரு நாள் கொடுப்பீங்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுத்துவிடலாம். கேட்பவர் வீட்டிலேயே நம்முடையதைவிடப் பெரிய ஓவன், ஜம்மென்று வேலை செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால்..?

இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு இதுதான் நடந்தது.

கேட்டவர் கீழ் வீட்டு மேவிஸ் தீதி. கொல்கத்தாவில், பெஹாலாவில் எங்கள் அபார்ட்மென்ட்டில் நாங்கள் மாடி, அவர் தரைத்தளம். ஆங்கிலோ இந்தியர். ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை, மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். இங்கத்திய வழக்கப்படி எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. நானும் அவரும் பேசிக்கொள்வது இங்கிலீஷ், ஹிந்தி, பங்களா மூன்றையும் போட்டுக் கிண்டிய ஒரு பாஷை. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"ஜெயா, என் ஓவன் ரிப்பேர். உன் ஓவன்ல ஒரு மின்ஸ்மீட் பை பண்ணிக்கட்டுமா? பழைய முறைப்படி, எங்கம்மா பண்ற மாதிரி."

பை என்றால் மாவைத் தேய்த்துத் தட்டில் விரித்து, பூரணம் வைத்து, மேலேயும் மாவால் மூடி ஓவனில் வேகவைப்பது. நம் சோமாசிக்கு வெள்ளைக்காரப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதுவரைக்கும் சரி. ஆனால் பூரணத்தின் பெயரிலேயே இறைச்சி இருக்கிறதே! போனை எடுத்துத் தேடினேன். அந்தக் காலத்தில் கொத்துக்கறியே போடுவார்களாம். இப்போது கறி கிடையாது — திராட்சை, ஆப்பிள், பட்டை, ஜாதிக்காய்தான். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வரி வந்தது. பழைய முறைப்படி செய்பவர்கள் மாட்டுக் கொழுப்பைத் துருவிச் சேர்ப்பார்கள்.

போச்சுடா!

எங்களுக்குத் திருநெல்வேலி. சுத்த சைவம். முட்டைகூட வாசலைத் தாண்டி உள்ளே வராது. அதிலும் மார்கழி மாதம், விடிகாலையில் பொங்கல் வைத்துச் சாமிக்குப் படைக்கிற அடுப்படி. ஆனால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல எனக்கு வராதே... "அதுக்கென்ன தீதி, தாராளமா" என்று போனில் தேடுவதற்கு முன்பே பல்லைக் காட்டியாயிற்று.

அன்று மாலை அவரே மறுபடியும் மேலே வந்தார். என் காரட் துருவியையும், மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றையும் இரவல் கேட்டார். எதற்குத் துருவி? என்னத்தைத் துருவ? கொடுத்துவிட்டு உள்ளே வந்து தலையில் கை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாலதி வந்தாள். எங்கள் இரண்டு வீட்டிலும் வேலை செய்பவள். என்னை பௌதி என்பாள், அண்ணி என்று அர்த்தம்.

"மேவிஸ் தீதி ஓவன் ரிப்பேராமே?" என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தேன்.

"யார் சொன்னது பௌதி? நேத்து ராத்திரிகூட கேக் பண்ணியிருக்காங்க. டின்னைத் தேய்ச்சுட்டுத்தானே வரேன்!"

எப்படி இருக்கும் எனக்கு?

என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூடி வைத்த எதையும் திறந்து பார்க்காமல் நம்பமாட்டார்.

"நல்ல ஓவனை வீட்ல வச்சிக்கிட்டு இங்க எதுக்கு வாராவ? கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கவா?"

"சேச்சே... அவுக அப்படிப்பட்டவுக இல்ல."

"அப்போ வேற என்னமோ இருக்குட்டி. கண்ணைத் தொறந்து வச்சிக்க." பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை முடிந்தது.

கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள எனக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன! கரியாஹாட் கடைத்தெருவில் நான் கேட்ட விலைக்குக் கடைக்காரர் உடனே தலையாட்டினால், புடவையில் எங்கே கிழிசல் என்று பிரித்துத் தேடுகிற ஆள் நான். ஊரை விட்டு வந்து நாலு பாஷைக்கு நடுவில் குடித்தனம் நடத்தும் பெண்களுக்கு இது கையோடு வந்துவிடுகிறது. பால்காரரைச் சந்தேகப்படுவோம், தராசைச் சந்தேகப்படுவோம், அளவுக்கு மீறிச் சிரிக்கிறவர்களைக் கட்டாயம் சந்தேகப்படுவோம். அதனால் பல தடவை பிழைத்தும் இருக்கிறோம். பொய் சொல்வானேன்?

மேவிஸ் தீதி பத்து மணிக்கு வந்தார். பூப்போட்ட ஏப்ரன், கையில் பெரிய கூடை நிறையச் சாமான். மைதா, சர்க்கரை, திராட்சை, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் — எல்லாம் பிரிக்காத புதுப் பாக்கெட். ஒவ்வொன்றையும் பச்சைப் புள்ளி என் பக்கம் தெரியும்படி மேஜையில் அடுக்கினார். என்னிடமே கத்தரிக்கோல் கேட்டு, என் கண் முன்னால் வெட்டினார். ஒரே ஒரு பைக்கு இத்தனை புதுப் பாக்கெட்டா? இவ்வளவு காட்டுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றுமா, தோன்றாதா?

பாத்திரம் ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. "உன்னுடையதே போதும்" என்றார். என் வாணலி, என் பூரிக்கட்டை, ஓரம் உயர்ந்த என் எவர்சில்வர் தட்டு.

எவர்சில்வர் டப்பா மட்டும் திரும்பி வந்தது. துணியில் சுற்றியிருந்தார். நேரே என் ஃப்ரீசருக்குள் வைத்தார்.

"அது என்ன தீதி?"

"அது கடைசியில. இப்போ தொறக்காதே."

தொறக்காதே! என்னிடமா?

ஆப்பிளைப் பொடியாக நறுக்கினார். ஆரஞ்சுத் தோலைச் சீவினார். நலேன் குர், அதுதான் இங்கே குளிர்காலத்தில் வரும் பேரீச்சை வெல்லம், அதைத் தட்டிப் போட்டுத் திராட்சையோடு கிளறினார். வீடே மணந்தது. வாசனையில் மயங்கிவிடக் கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பிராந்தி ஊத்துவீங்களே..?"

"வேண்டாம். ஆரஞ்சு ஜூஸ் போதும்."

"மேலே முட்டை தடவணுமாமே?"

"பால் தடவிக்கலாம்."

பழைய முறைப்படி என்றாரே! முட்டையும் இல்லை, பிராந்தியும் இல்லை. அப்படியானால் மிச்சம் இருக்கிற பழைய முறை அந்த டப்பாவுக்குள்தான் இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் பெர்த்திலிருந்து மகள் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் பால்கனியில் மட்டும்தான் சிக்னல். தீதி போனோடு அங்கே போனார்.

ஃப்ரீசரைத் திறந்தேன். டப்பாவைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று துருவல். போனில் படம் பார்த்தேனே, அதே மாதிரி! முகர்ந்தால் ஒன்றும் தெரியவில்லை, ஐஸ் வாடைதான். தாளிக்கிற கரண்டியை அடுப்பில் வைத்து, ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன்.

உருகியது. நுரைத்தது. சடசடத்தது. பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு வாசனை... வெண்ணெய் காய்ந்து நெய்யாகும் வாசனை. பிறந்த நாள் முதல் தெரிந்த வாசனை. அதில் எனக்குத் தப்பே வராது.

வெறும் வெண்ணெய்.

"போதுமா? இன்னும் கொஞ்சம் காய்ச்சிப் பாக்கறியா?"

திரும்பினேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு தீதி வாசற்படியில் நின்றார். என் கையில் கரண்டி. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

"தீதி... ஓவன் ரிப்பேர் இல்லைன்னு மாலதி..." திருடி, போலீஸை மிரட்டுகிற கதை!

"ரிப்பேர் இல்லைதான். பொய்தான் சொன்னேன்." ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "என் ஓவன்ல பண்ணிக் கொண்டுவந்தா நீ சாப்பிடுவியா? அதுல எல்லாக் கறியும் வெந்திருக்கு. என் தட்டு, என் கத்தி, எல்லாத்திலயும். கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் என் வீட்டுக்கு வரே. மேஜை நிறைய வெச்சிருப்பேன். நீ ஒரு ஆரஞ்சை எடுப்பே. தோல் இருக்கிற பழம். என் கை படாத பழம். அதை உரிச்சுத் தின்னுட்டு, மெரி கிறிஸ்துமஸ் சொல்லிட்டுப் போயிடுவே."

நான் அடுப்பை அணைத்தேன்.

"அது உன் வழக்கம், நான் தப்பே நினைச்சதில்லை. ஆனா துர்கா பூஜா சமயத்துல எனக்கு டெங்கு வந்துதே... ரசம் சாதம், தயிர் சாதம்னு தினம் கொண்டுவந்து ஊட்டாத குறையா குடுத்தே. சாப்பிட்டேன். இதுல என்ன போட்டேன்னு ஒரு நாள் கேட்டேனா ஜெயா?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தில் வந்ததா, அன்பில் வந்ததா, எனக்கே தெரியாது.

"வெண்ணெய்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே தீதி..."

"சொன்னா தலையாட்டுவே. சாப்பிட மாட்டே. அதான் உன் துருவி, உன் தட்டு, உன் ஓவன். நீயே பக்கத்துல உட்கார்ந்து பாக்கட்டும்னு வந்தேன். ஒரு தடவையாவது என் கையால நீ சாப்பிடணும். அவ்வளவுதான்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "மாவை நான் பிசையட்டுமா?" என்று கேட்டேன். "உன் கை சூடு, வெண்ணெய் உருகிடும், தள்ளு" என்று அதட்டினார். அந்த அதட்டலில்தான் எனக்கு மூச்சு வந்தது.

மதியம் பை வெந்து பொன்னிறமாக வெளியே வந்தது. ஹாலிலிருந்து என் வீட்டுக்காரர் இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வந்துவிட்டார். தீதி ஆற விடவில்லை. ஒரு துண்டு வெட்டி என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் கடிப்பதை, மெல்லுவதை, விழுங்குவதை — ஒன்று விடாமல் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு தீதி" என்றேன். சத்தியமாக நன்றாக இருந்தது.

"நீ எதுக்குத்தான் நல்லா இல்லைன்னு சொல்லியிருக்கே?" என்றார்.

இரண்டாவது துண்டை நானே வெட்டி எடுத்த பிறகுதான் நம்பினார்.