பாறை கவிழ்த்த சீட்டு

வெர்லீன் ஸ்டோவலைச் சீட்டில் யாரும் ஏமாற்றியதில்லை. டூலியா ஊருக்கே அது தெரியும். ஒற்றை ஆளாகச் சலவைக்கடை நடத்தினாள், இரண்டு பிள்ளைகளைக் கரை சேர்த்தாள், புருஷனை அடக்கம் செய்தாள். அதையெல்லாம் ஊர் பேசாது. அவளுடைய பட்டப்பேரைத்தான் பேசும். நல்ல சீட்டு வந்தாலொழிய பந்தயம் கட்டாத ஆளுக்குப் போக்கரில் 'பாறை' என்று பேர். அந்தப் பேர்மேல் அவளுக்கும் கொள்ளை ஆசை.

சனிக்கிழமை மதியம் கடையின் பின்னறையில் ஆட்டம் நடக்கும். பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் காசு வைத்து ஆடினால் போதகர் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் காய்ந்த பிண்டோ பயறுதான் பந்தயம். ஜெயித்தவர் மொத்தப் பயறையும் வீட்டுக்கு எடுத்துப்போய், அடுத்த சனிக்கிழமை பன்றிக்கறி போட்டு வேகவைத்து எல்லோருக்கும் கொண்டுவர வேண்டும். இத்தனை பேர் கைபட்ட பயறைக் கழுவி மாளாது. ஆனாலும் ஜெயிக்கத்தான் அடித்துக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை கோய் லெட்பெட்டர் வாயில் பல்குச்சியோடு வந்து உட்கார்ந்தார். எண்ணெய்க் கிணற்றில் உழைத்து ஓய்ந்தவர், மனைவி போனபின் தனிக்கட்டை. ஹூஸ்டனில் இருக்கும் மகள் அவரைக் கூட்டிப்போக ஒற்றைக்காலில் நின்றாள். அவர் வீட்டை வாங்க ஆளும் பார்த்துவிட்டாள்.

"கடைசி ஆட்டத்துல முடிவு பண்ணிடறேன்," என்றார் கோய். "ஜெயிச்சா இங்கயே கிடக்கேன். தோத்தா திங்கக்கிழமை ஹூஸ்டன்."

"பெத்த பொண்ணு கூப்பிடுது, போவியா! இதைப்போய் சீட்டுகிட்ட கேக்குற," என்றார் டப் ப்ரூயிட். ஊர் எலக்ட்ரீஷியன். கை சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தது.

"கல்யாணமே சீட்டைக் கேட்டுத்தான்டா பண்ணேன்."

வெர்லீன் சிரிக்கவில்லை. அவர் போய்விட்டால் அவளுக்குச் சனிக்கிழமையும் மற்ற நாளும் ஒன்றுதான். அவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் வயசு போய்விட்டது என்று நினைத்திருந்தாள்.

கடைசி ஆட்டம் வந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு. அவளுக்கு இரண்டும் ராஜா. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழுந்தன. அதில் இன்னொரு ராஜா, கூடவே ஒரு ஜோடி, இரண்டும் ஒன்பது. மூன்று ராஜாவும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் ஃபுல் ஹவுஸ். அதை அடிக்கிற சீட்டு அபூர்வம். டப் ஒதுங்கிக்கொண்டார். கோய் தன் பயறு அத்தனையையும் நடுவே தள்ளினார்.

"எல்லாம் உள்ள. வர்றியா, பாறை?"

பல்குச்சி அசையவில்லை. கையில் நல்ல சீட்டு இருந்தால் குச்சியை மென்றுகொண்டே இருப்பார். ஒன்றுமில்லாமல் புளுகும்போது மட்டும் அது நின்றுவிடும். வெர்லீன் மட்டும் கண்டுபிடித்து, யாரிடமும் மூச்சுவிடாமல் வைத்திருந்த விஷயம் அது. எனவே அவரிடம் ஒன்றுமில்லை. அவளும் பயறைத் தள்ளினால் ஆட்டம் முடிந்தது.

தள்ளப்போன கை நின்றது. ஊரைவிட்டுப் போக நினைக்கிறவன் மட்டமான சீட்டைக் கவிழ்த்துத் தோற்றுவிட்டுப் போயிருப்பானே? வெறுங்கையோடு எதற்கு இத்தனையும் தள்ள வேண்டும், அதுவும் அவளிடம்? இந்த மனுஷனுக்குப் போக மனசில்லை. சொல்லத்தான் தெரியவில்லை.

அவள் சீட்டைக் கவிழ்த்தாள். "என்னால ஆகாதுப்பா. நீயே எடுத்துக்கோ."

கவிழ்த்த சீட்டைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை. ஜெயித்தவரும் காட்ட வேண்டியதில்லைதான். ஆனால் கோய் சந்தோஷத்தில் காட்டித் தொலைத்தார். ஏழும் இரண்டும். போக்கரில் அதைவிடக் கேவலமான கை கிடையாது.

டப் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அடிப்பாவி! ஏழு ரெண்டுக்கா பயந்த? பாறையாம் பாறை, வெறும் உப்புக்கல்லு! ஊர் பூரா சொல்லாம விடமாட்டேன்!"

"சொல்லிக்கோ," என்றாள். வலிக்கத்தான் செய்தது. இரண்டு ராஜாவையும் எடுத்து டப் முகத்தில் விட்டெறியலாம் போலிருந்தது. சீட்டுக் கட்டுக்குள் அவற்றைத் தானே செருகினாள்.

டப் சொன்னபடி தபால் ஆபீஸிலும் சர்ச் வாசலிலும் சொன்னார். பாறை என்ற பேர் அதோடு போயிற்று.

அடுத்த சனிக்கிழமை கோய் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பயறு பாதி வேகவில்லை, உப்பு கரித்தது. டப் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். வெர்லீன் வழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தட்டை நீட்டினாள்.

"நெசமாவே நல்லாவா இருக்கு?" என்றார் கோய் நம்பாமல்.

"சகிக்கல," என்றாள் வெர்லீன். "அடிக்கடி ஜெயி. பழகிடும்."