டிராவிஸ் சொல்லாமல் விட்ட பேருந்து

டிராவிஸ் ஹாட்லியின் தட்டில் நான் முதன்முதலாக மீன் துண்டும் பட்டாணியும் வைத்தபோது அவனுக்கு நாலரை வயது. பர்மிங்காம் நகரின் எர்டிங்டன் பகுதியில், ஆரம்பப் பள்ளிச் சமையற்கட்டில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகள் இந்த ஊருக்கே உரிய மூக்குப் பேச்சில் பேச, இவன் மட்டும் டிவிக்குள்ளிருந்து நேராக இறங்கி வந்தவன்போல, "எனக்குக் கொஞ்சம் ஃப்ரைஸ் கிடைக்குமா, மேடம்?" என்று கேட்டான். இங்கே அதற்கு சிப்ஸ் என்று பெயர். பரிமாறுகிறவளை யாரும் மேடம் என்பதில்லை, மிஸ் என்பார்கள். பக்கத்தில் கரண்டியோடு நின்ற ஷெரில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் புள்ளதான் கண்ணு. எவனோ அமெரிக்காக்காரனுக்குப் பொறந்தவன்னு நெனச்சுடாத. இவங்கப்பன் டட்லியில டயர் மாத்துறவன்."

அன்றிலிருந்து ஷெரிலும் நானும் ஒரே அடுப்படி. பதினெட்டு வருடம். புருஷன் விட்டுப் போன பிறகு அவள் பள்ளி முடிந்ததும் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போவாள். அந்த நேரத்துக்கு டிராவிஸை வளர்த்தது டிவிதான். அவன் லண்டனையே பார்த்ததில்லை. ஆனால் நியூயார்க்கில் எந்தத் தெருவுக்கு அடுத்து எந்தத் தெரு என்று கேட்டால் சொல்லுவான். பள்ளி முடித்த வருடம், அமெரிக்கப் படங்களில் வருவதுபோல நடன விருந்துக்குப் போக ஐந்து பையன்கள் சேர்ந்து ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் காரை வாடகைக்குப் பிடித்தார்கள். எங்கள் சந்தில் அது திரும்ப முடியாமல் முக்கால் மணி நேரம் நின்றது. தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் தொப்பி. அதில் போட்டிருந்த அமெரிக்க அணி ஆடும் ஆட்டத்தின் விதிகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது.

அவனை மட்டும் சொல்லி என்ன பயன். கடைத்தெருவில் போகிற பையன்களில் பாதிப் பேருக்கு அதே தொப்பி, அதே கறுப்பு ஜாக்கெட், அதே இழுத்த பேச்சு. பின்னால் யாரோ படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்ற நினைப்பிலேயே எல்லாரும் நடப்பார்கள். எங்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். டிராவிஸ் இருபது வயதில் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். நேரத்துக்குப் போனான், சம்பளத்தில் பாதியை அம்மாவிடம் கொடுத்தான், ராத்திரி அமெரிக்கப் போலீஸ் தொடரும் கோர்ட் தொடரும் பார்த்தான். யாரையும் அடித்தான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காரட் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஷெரிலின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள். கத்தியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "கிடங்குக்கே வந்து டிராவிஸைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்களாம் கண்ணு" என்றாள்.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, மாலை நாலு பத்துக்கு, ஆஸ்டன் பக்கம் ஒரு கல்லூரி மாணவனின் முகத்தில் எவனோ பாட்டிலை உடைத்திருக்கிறான். மாணவனுக்கு இடது கண் போய்விட்டது. சிவப்புத் தொப்பி, கறுப்பு ஜாக்கெட், அமெரிக்கக்காரன் மாதிரி பேசினான் என்று அடையாளம் சொல்லியிருக்கிறான். யாரோ டிராவிஸின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலமே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேலை முடிந்ததும் நான் போனேன். ஷெரில் தேநீர் போடக்கூட எழுந்திருக்கவில்லை. டிராவிஸ்தான் போட்டான். பயந்து போயிருப்பான் என்று நினைத்துப் போனால், ஆள் ஏதோ பரீட்சையில் தேறியவன்போல இருந்தான்.

"நான் வாயே தொறக்கல மிஸ். நாப்பது நிமிஷம் கேட்டாங்க. ஒரு வார்த்த? ம்ஹூம்."

"ஏன்டா?"

"பேசுனா மாட்டிக்குவோம். அது எல்லாருக்கும் தெரியும்."

"வக்கீல் வச்சுக்கலையா? இங்க ஸ்டேஷன்ல சும்மாவே தருவாங்களே."

"ஓசி வக்கீலா? அவங்க போலீஸ் கூட சேந்துக்கிட்டு, ஒத்துக்கோ, தண்டனைய கொறைக்கிறேன்னு பேரம் பேசுவாங்க. ஒரே ஒரு போன் பண்ற உரிமை இருக்குன்னு கேட்டேன். அந்த சார்ஜென்ட் என்னமோ ஜோக் சொன்ன மாதிரி சிரிக்கிறான்."

"சரி, அன்னிக்கு நாலு மணிக்கு எங்கதான் இருந்த?"

"பஸ்ல. மாடியில, முன் சீட்டுல. டவுன் வரைக்கும் எறங்கவே இல்ல."

"அட, அத சொல்லியிருக்கலாமே."

"நான் எதுக்கு மிஸ் சொல்லணும்? நிரூபிக்க வேண்டியது அவங்க."

நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. சட்டம் எனக்கும் தெரியாது. பல ராத்திரி ஷெரில் வீட்டுச் சோபாவிலேயே உட்கார்ந்து அதே தொடர்களை நானும்தான் பார்த்திருக்கிறேன். பையன் விவரமாக நடந்திருக்கிறான் என்றே நினைத்தேன். பேருந்தில் கேமரா உண்டு. அதில் பதிவாவது பதினாலு நாள் இருக்கும், பிறகு அதன்மேலேயே புதியது பதிவாகிவிடும். நான் தலையாட்டிய அந்த மாலையில் இன்னும் எட்டு நாள் மிச்சம் இருந்தது.

ஐந்து வாரம் கழித்து, டிராவிஸ் மேல் வழக்குப் போட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. கண் போன மாணவனுக்கு ஒன்பது பேருடைய முகங்களை வீடியோவில் காட்டியிருக்கிறார்கள். அவன் டிராவிஸைக் காட்டியிருக்கிறான். அதன்பிறகுதான் ஷெரில் ஒரு வக்கீலைப் பிடித்தாள். திருமதி பெட்டிஃபர் என்று பெயர், கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த பெண். துணைக்கு நானும் போனேன். அவள் டிராவிஸ் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள், பேருந்துக்காரர்களுக்கு எழுதிப் போட்டாள். பத்து நாளில் மறுபடி கூப்பிட்டாள்.

"மிஸ்டர் ஹாட்லி, பஸ்ல உங்க கார்டை மூணு நாப்பத்திரெண்டுக்குத் தேய்ச்சிருக்கீங்க. அது இருக்கு. நாலு பத்துக்கு உங்க போன் ஆஸ்டன் பக்கம் இருந்திருக்கு."

"பஸ் ஆஸ்டன் வழியாத்தான போகும்."

"போகும். நீங்க ஏறுனதுக்கு அத்தாட்சி இருக்கு. எறங்கலங்கறதுக்கு இல்ல. அந்தப் பதிவு அழிஞ்சுடுச்சு. முதல் நாளே நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா போலீஸே போய் எடுத்திருப்பாங்க."

"பேசாம இருக்க எனக்கு உரிமை இல்லையா?"

"இருக்கு. ஆனா இந்த நாட்டுல, அப்ப சொல்லாத ஒன்ன பின்னால கோர்ட்டுல வந்து சொன்னா, ஏன் அப்பவே சொல்லலன்னு ஜூரி யோசிக்கலாம். கதை கட்டுறான்னு முடிவும் பண்ணலாம். உங்களப் புடிச்ச அன்னிக்கே அத உங்களுக்குச் சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க."

டிராவிஸ் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் பயத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

வழக்கு எடுக்கப் பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதமும் பயத்தைத் தவிர வேறு எதையும் நாங்கள் சமைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஷெரில் அடுப்பில் தட்டை வைத்துவிட்டு மறந்து நிற்பாள். டிராவிஸ் தொப்பியைத் தூக்கிப் போட்டான். பேருந்தில் ஏறுவதை விட்டுவிட்டு நாலு மைல் நடந்து வேலைக்குப் போனான். வாசலில் கடிதம் விழும் சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடிவிடுவான் என்று ஷெரில் சொன்னாள். எனக்கோ, அன்று தலையாட்டியதை அவளிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம்.

விசாரணை நாலு நாள் நடந்தது. கூண்டில் நின்ற டிராவிஸ், நீதிபதியின் மேசையில் எதையோ தேடுவது தெரிந்தது. சுத்தியலைத் தேடுகிறான். இங்கே எந்த நீதிபதியும் சுத்தியல் வைத்துக்கொள்வதில்லை. இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாமல் இங்கே வந்து நிற்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவன் சாட்சி சொன்னான். அரசுத் தரப்பு வக்கீல் ஒரு பெண்மணி, மிஸ் ஆஷ்கோம். குரலை உயர்த்தவே இல்லை. அவள் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் டிராவிஸ், கோர்ட்டில் தனக்காக வாதாடத் திருமதி பெட்டிஃபர் அமர்த்தியிருந்த வக்கீலைப் பார்த்தான். அவர் துள்ளி எழுந்து ஆட்சேபிப்பார் என்று காத்திருந்தான். அவர் இங்கே வக்கீல்கள் கோர்ட்டில் அணியும் விக்கைச் சரிசெய்துகொண்டு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"பேருந்தில் இருந்ததை அன்று ஏன் சொல்லவில்லை?"

"சொல்ல வேணாம்னு நெனச்சேன்."

"சொல்லாவிட்டால் உங்களுக்குப் பாதகமாகலாம் என்று அதிகாரி எச்சரித்தாரே. கேட்டீர்களா?"

"கேட்டேன். ஆனா... அது எனக்கு ஏற்கனவே தெரியும்னு நெனச்சேன். அதனால சரியா கவனிக்கல."

"என்ன சொன்னார் என்று நினைத்தீர்கள்? சொல்லுங்கள்."

டிராவிஸ் தண்ணீர் குடித்தான். பிறகு சொன்னான். பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, நீ சொல்வது எதையும் நீதிமன்றத்தில் உனக்கு எதிராகப் பயன்படுத்தலாம், வக்கீலை வைத்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு, அதற்கு வசதி இல்லையென்றால்... டிவியில் அமெரிக்கப் போலீஸ் சொல்வதில் ஓரெழுத்து பிசகவில்லை. கேட்டுக் கேட்டு ஊறிய அந்த இழுத்த அமெரிக்கப் பேச்சிலேயே, மூச்சு விடும் இடம்கூடத் தவறாமல், கடைசிவரை சொன்னான். பதினோரு மாதமாக அந்தப் பேச்சு அவன் வாயில் வந்ததே இல்லை. ஜூரியில் ஒரு இளைஞன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"நன்றி. இப்போது நம் அதிகாரி சொன்னதைச் சொல்லுங்கள்."

டிராவிஸ் வாயைத் திறந்தான். மறுபடியும், "பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு" என்றே ஆரம்பித்து நிறுத்தினான்.

அவள் அன்றைய பதிவை ஒலிக்கவிட்டாள். அதிகாரி எச்சரிக்கையை நிதானமாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். பாதியில் டிராவிஸின் குரல் குறுக்கே வருகிறது. "தெரியும் மேன், தெரியும். மேல போங்க." அதுவும் அதே அமெரிக்கக் குரல்.

பின்வரிசையில் கண் போன மாணவன் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாகக் குனிந்தே இருந்தவன், அந்தக் குரல் கேட்டதும் தலையை நிமிர்த்தி அம்மாவின் கையைப் பிடித்தான். ஜூரியில் இருந்த பன்னிரண்டு பேரும் அவனைப் பார்த்ததை நான் பார்த்தேன். ஷெரிலும் பார்த்தாள். "முடிஞ்சுது" என்று என் காதில் சொன்னாள்.

பத்துக்கு இரண்டு என்று குற்றவாளியாக்கினார்கள். நாலு வருடம். அன்று வீட்டுக்கு வரும் வழியில், நான் தலையாட்டியதை அவளிடம் சொல்லிவிட்டேன். ஷெரில், "நானுந்தான் கண்ணு தலையாட்டுனேன்" என்றாள்.

இப்போது டிராவிஸ் சிறையிலிருந்து பன்னிரண்டே முக்காலுக்குப் போன் செய்வான். அது எங்கள் சாப்பாட்டு நேரம். சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஷெரில் போனை மாவு மூட்டை மேல் வைப்பாள். முதல் மாதம் அழுவான், அம்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்பான். அதெல்லாம் இப்போது இல்லை.

"அம்மா, பேனா எடுத்தியா?"

"எடுத்துட்டேன்டா."

"ஏழேமுக்காலு, கஞ்சி வாங்குனேன். பின்னால நின்னவன் பேரு லம்பார்ட். எட்டேகாலுக்குக் கதவ தொறந்தாங்க, தொறந்தவரு மிஸ்டர் சீல். ஒம்பதுல இருந்து துணி வெளுக்குற எடம், மூணாவது மிஷின். பக்கத்து மிஷின்ல ஒரு வயசானவரு, அவரு பேர நாளைக்குக் கேட்டுச் சொல்றேன். எழுதுறியா?"

"எழுதுறேன். ஏன்டா கண்ணா, அங்கதான் உன்ன யாரும் ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டா? அப்பவே சொல்லலன்னா?"

ஷெரில் எழுதிக்கொண்டே போனாள். இதுவரை மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. அவள் கண்ணைத் துடைப்பதற்காகப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"மிஸ் இருக்காங்களா? மிஸ், நீங்களும் எழுதிக்கங்க. அம்மா எதையாவது விட்டுட்டா?"

"இருக்கேன்ப்பா. சொல்லு."

"பத்தரைக்குத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. கதவ பூட்டுனது அதே மிஸ்டர் சீல்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பத்தரையில இருந்து பதினொண்ணரை வரைக்கும் ரூம்ல தனியா இருந்தேன் மிஸ். என்ன யாரும் பாக்கல. அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன பண்றது?"